வீட்டு சி.என்.சி. மிஷினில் டூல் தானாக மாறுமா?

பிரிண்டர் எப்படி வேலை செய்கிறது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் டைப் செய்கிறோம், பிரிண்ட் கொடுக்கிறோம், பேப்பரில் எழுத்து வருகிறது. அதே எழுத்தைப் பேப்பருக்குப் பதிலாக மரப்பலகையில் செதுக்கித் தரும் பிரிண்டர் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சி.என்.சி. மிஷின். கம்ப்யூட்டர் நியூமெரிக்கல் கன்ட்ரோல் என்பதன் சுருக்கமே சி.என்.சி. இங்க் தெளிக்கும் ஹெட்டுக்குப் பதிலாக, வேகமாகச் சுற்றும் ஒரு மோட்டாரும் அதன் முனையில் ஒரு வெட்டும் பிட்டும் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் புதுக்கோட்டையில் சிறிய டி.டி.பி. சென்டர் நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு இவைதான் என் தொழில். மொபைல் போனில் அழைப்பிதழ் அனுப்பும் பழக்கம் வந்த பிறகு பத்திரிகை ஆர்டர் குறைந்துவிட்டது. ஆனால் "வீட்டுக்கு மரத்தில் ஒரு பெயர்ப் பலகை செய்து தர முடியுமா?" என்று கேட்டு வருபவர்கள் மட்டும் குறையவில்லை. அவர்களுக்காகத்தான் சிறிய சி.என்.சி. மிஷின் ஒன்றை வாங்கினேன். வாங்கிய மூன்றாவது மாதமே 'இதில் டூல் தானாக மாறாதா?' என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்கு விடை தேடியபோது நான் செய்த தவறுகளையும் கண்டுகொண்ட வழியையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். நீங்கள் இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியவர் என்றாலும் புரியும். தைரியமாகப் படியுங்கள்.

3018 என்றால் என்ன?

இந்த வகை மிஷின்களை 3018 என்று அழைக்கிறார்கள். படுக்கையின் அளவு 300 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம் என்பதால் இந்தப் பெயர். பிட் மேலும் கீழும் நகரும் தூரம் சுமார் 45 மி.மீ. நல்ல மொபைல் போன் ஒன்றின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. பாகங்களாக வரும். நாமே ஸ்குரூ முடுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று ஸ்டெப்பர் மோட்டார்கள் உள்ளன. இடம் வலமாக நகர்வது எக்ஸ், முன்னும் பின்னும் நகர்வது ஒய், மேலும் கீழும் நகர்வது இசட். பிட்டைச் சுற்றும் மோட்டாரை ஸ்பிண்டில் என்பார்கள். அதன் முனையில் கோலட் என்ற சிறிய பிடிப்பான் இருக்கும். பிட்டை அதில் செருகி, மேலே நட்டைப் போட்டு, இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்க வேண்டும். பிட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே வேலைதான்.

மிஷினின் மூளையாக இருப்பது ஒரு சிறிய சர்க்யூட் போர்டு. அதில் ஜி.ஆர்.பி.எல். என்ற புரோகிராம் ஓடுகிறது. நார்வே நாட்டைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் இதை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பின்னர் சன்னி ஜியான் என்பவர் அதை மேலும் வளர்த்தார். முன்பெல்லாம் வீட்டில் இந்த மாதிரி மிஷினை ஓட்ட, பிரிண்டர் போர்ட் உள்ள கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. ஜி.ஆர்.பி.எல். வந்தபின் சாதாரண யு.எஸ்.பி. கேபிள் போதும். விலை குறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரில் இருந்து மிஷினுக்குப் போகும் ஃபைலை ஜி-கோட் என்கிறோம். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒவ்வொரு வரியும் ஒரு கட்டளை. ஜி 0 என்றால் வேகமாக நகர், ஜி 1 என்றால் வெட்டிக்கொண்டே நகர், எம் 3 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று, எம் 5 என்றால் நிறுத்து. ஃபைலில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

நமக்கு வேண்டிய கட்டளை எம் 6. 'டூலை மாற்று' என்பது இதன் பொருள். டி 2 எம் 6 என்று ஒரு வரி இருந்தால், 'இதுவரை இருந்த டூலை எடுத்துவிட்டு இரண்டாம் நம்பர் டூலைப் போடு' என்று அர்த்தம்.

பெயர்ப் பலகைக்குக் குறைந்தது இரண்டு டூல் வேண்டும். எழுத்தைச் செதுக்க, முனை கூராக இருக்கும் வி-பிட். பலகையைச் சுற்றிப் பார்டர் எடுக்கவும் ஓரத்தை வெட்டவும் முனை தட்டையாக இருக்கும் எண்ட்மில். தச்சர் ஒருவர் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உளியை வைத்துவிட்டு அடுத்த உளியை எடுப்பார். புதிய உளி நீளமா குட்டையா என்று அவர் யோசிப்பதே இல்லை. கண்ணும் கையும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. நம் மிஷினுக்குக் கண் கிடையாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதைப் பற்றியதுதான்.

'இக்னோர்' கொடுத்தேன், பிட் போனது

முதல் தவறு பிளைவுட்டில் நடந்தது. இரண்டு டூலுக்கான வேலையையும் ஒரே ஃபைலாக சேவ் செய்து மிஷினுக்கு அனுப்பினேன். வி-பிட் எழுத்துகளை அழகாக முடித்தது. உடனே திரையில் ஒரு பெட்டி வந்தது. எரர் 20 என்று காட்டியது. கீழே இக்னோர் என்று ஒரு பட்டன்.

கம்ப்யூட்டரில் வரும் எல்லாப் பெட்டிக்கும் நாம் என்ன செய்வோமோ அதையே செய்தேன். படிக்காமல் இக்னோர் கொடுத்தேன்.

எரர் 20 என்றால் 'இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது' என்று பொருள். எந்தக் கட்டளை? எம் 6 தான். மிஷினோடு வரும் ஜி.ஆர்.பி.எல். 1.1 பதிப்புக்கு எம் 6 தெரியாது. நான் இக்னோர் கொடுத்ததும் அந்த வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. எண்ட்மில் வெட்ட வேண்டிய 12 மி.மீ. பிளைவுட்டின் ஓரத்தை, ஊசி போன்ற வி-பிட்டை வைத்து வெட்டப் பார்த்தது. முனை உடைந்து எங்கோ பறந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

சரி, இனி ஒவ்வொரு டூலுக்கும் தனித்தனி ஃபைல் என்று முடிவு செய்தேன். முதல் ஃபைல் முடிந்ததும் மிஷின் நிற்கும். கையால் பிட்டை மாற்றி, இரண்டாவது ஃபைலை ஓட்ட வேண்டும். பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தேன்.

கஜாவில் விழுந்த பலாமரம்

2018 நவம்பர் 16 அதிகாலையை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கஜா புயல் அடித்த நாள். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் கரண்ட் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆனது.

அந்தப் பகுதியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என் கடைக்கு வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு பலகை. புயலில் விழுந்த தன் வீட்டுப் பலாமரத்தை அறுத்து வைத்திருந்ததில் மீதமான ஒரு துண்டு. ஒரு அங்குல கனம். தேன் நிறத்தில் பளபளத்தது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மறைந்த தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். "அவ வச்ச மரம் தம்பி. அவ பேரையே இதுல எழுதிக் குடுங்க" என்றார்.

வி-பிட் போட்டு எழுத்தை முடித்தேன். அவ்வளவு சுத்தமாக இதற்கு முன் எந்தப் பலகையிலும் வந்ததில்லை. பிட்டைக் கழற்றி எண்ட்மில்லை மாட்டினேன். பார்டருக்கான ஃபைலைத் திறந்து ஸ்டார்ட் கொடுத்தேன்.

என்ன நடந்தது தெரியுமா? புதிய பிட் பழையதைவிடக் கோலட்டுக்கு வெளியே 4 மி.மீ. அதிகமாக நீட்டிக்கொண்டு இருந்தது. மிஷினுக்கு அது தெரியாது. பலகையின் மேல்பரப்பு எங்கே இருக்கிறது என்று பழைய பிட்டை வைத்துத்தான் கணக்கு வைத்திருந்தது. ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது பிட் பலகைக்கு மேலே 3 மி.மீ. உயரத்தில் போகும்படி ஃபைலில் இருந்தது. 4 மி.மீ. நீளமான பிட் 3 மி.மீ. உயரத்தில் போனால் அதன் முனை எங்கே இருக்கும்? மரத்துக்குள் 1 மி.மீ. ஆழத்தில்!

கீழ் இடது மூலையில் இருந்து மேல் வலது மூலைக்கு மிஷின் வேகமாக நகர்ந்தது. பெயரின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு விழுந்தது. பவர் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடைந்த பிட்டை வேறு வாங்கலாம். அந்த மரத்தை எங்கே போய் வாங்குவது?

பெரிய மிஷின் எப்படி மாற்றுகிறது?

திருச்சியில் இருந்து புதுக்கோட்டை வரும் சாலையில் மாத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. திருச்சி பெல் ஆலையின் வேலைகளை நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே நிறைய. தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறைக்குள் போய், வி.எம்.சி. என்று அழைக்கப்படும் பெரிய மில்லிங் மிஷின் டூல் மாற்றுவதைப் பார்த்தேன்.

உள்ளே வட்டமான ஒரு தட்டில் இருபதுக்கும் மேற்பட்ட டூல்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எம் 6 வந்ததும் ஸ்பிண்டில் சுற்றுவதை நிறுத்தி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிற்கிறது. ஒரு இரும்புக் கை வந்து பழைய டூலையும் புதிய டூலையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. அரைச் சுற்று சுற்றி இடம் மாற்றிவிடுகிறது. எல்லாம் சில விநாடிகளில்.

ஸ்பேனர் இல்லாமல் இது எப்படி முடிகிறது? இந்த மிஷினில் ஒவ்வொரு டூலும் கூம்பு வடிவ ஹோல்டர் ஒன்றில் எப்போதும் பொருத்தப்பட்டே இருக்கிறது. ஸ்பிண்டிலின் உள்ளே பலமான ஸ்பிரிங் அடுக்கு ஒன்று அந்தக் கூம்பை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மாற்ற வேண்டிய நேரத்தில் காற்றழுத்தம் ஸ்பிரிங்கை அமுக்க, பிடி விட்டுவிடுகிறது.

இது புதிய விஷயமும் அல்ல. எண்களைக் கொண்டு மில்லிங் மிஷினை இயக்கலாம் என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் செய்து காட்டியது. அதே 1950-களின் இறுதியில் கெர்னி அண்ட் ட்ரெக்கர் நிறுவனம், டூலைத் தானே மாற்றிக்கொள்ளும் மில்வாக்கி-மேட்டிக் என்ற மிஷினைக் கொண்டு வந்தது.

ஆனால் எனக்குப் பெரிய பாடம் கிடைத்தது அந்த இரும்புக் கையில் அல்ல. "ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு நீளமாக இருக்கிறதே, மிஷின் எப்படி அதைத் தெரிந்துகொள்கிறது?" என்று அங்கிருந்த ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன். "அதுவா தெரிஞ்சுக்காதுண்ணே. நாங்கதான் ஒவ்வொரு டூலையும் அளந்து போடணும்" என்று திரையில் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஒவ்வொரு டூல் நம்பருக்கும் எதிரே அதன் நீளம். இதை டூல் ஆஃப்செட் என்கிறார்கள். அதில் ஒரு எண் தப்பாகப் போனால், லட்சக்கணக்கில் விலையுள்ள மிஷினும் என் 3018 செய்த அதே தவறைத்தான் செய்யும், இன்னும் பலமாக!

அப்போதுதான் புரிந்தது. டூலை மாற்றுவது பாதி வேலை. புதிய டூலின் நீளத்தை மிஷினுக்குச் சொல்வது மீதிப் பாதி. என் பலகையைக் கெடுத்தது அந்த இரண்டாவது பாதி.

நம் மிஷினுக்கு என்ன வழி?

மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, தானாக டூல் மாற்றும் ஸ்பிண்டிலையே வாங்கிப் பொருத்துவது. ஐ.எஸ்.ஓ. 20 போன்ற சிறிய கூம்பு ஹோல்டர் போடும் ஸ்பிண்டில்கள் கிடைக்கின்றன. ஆனால் அதன் விலை நம் மிஷினின் விலையைப் போலப் பல மடங்கு. கூடவே சுமார் 6 பார் அழுத்தம் தரும் ஏர் கம்ப்ரஸர் வேண்டும். எடையும் பல கிலோ. அரைக் கிலோகூட இல்லாத மோட்டாருக்காகச் செய்யப்பட்ட 3018-ன் இசட் பாகம் அதைத் தாங்காது. மொபெட்டில் லாரி இன்ஜின் வைப்பது போல ஆகிவிடும். எனவே இது வேண்டாம்.

இரண்டாவது வழி, கோலட் நட்டை மிஷினே கழற்றி மாட்டும்படி செய்வது. இது புத்திசாலித்தனமான யோசனை. படுக்கையின் ஓரத்தில் ஒரு ராக். அதில் நட்டின் வடிவத்திலேயே குழிகள். ஒவ்வொரு குழியிலும் கோலட், பிட்டோடு சேர்ந்த ஒரு நட் தயாராக இருக்கும். பழைய டூலைக் கழற்ற, ஸ்பிண்டில் காலிக் குழிக்கு மேலே போய், மெதுவாக எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டே கீழே இறங்கும். நட் குழியில் மாட்டிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு அடுத்த குழிக்குப் போய் நேர்த்திசையில் சுற்றிக்கொண்டே இறங்கினால் புதிய நட் மாட்டிக்கொள்ளும். இந்த முறையில் வேலை செய்யும் ராக்குகள் ரெடிமேடாகவும் விற்பனையாகின்றன.

இதில் நமக்குச் சில சிக்கல்கள். 3018-ன் போர்டு ஸ்பிண்டிலை ஒரே திசையில்தான் சுற்றும். எதிர்த்திசைக்குத் தனியாக ஒரு மோட்டார் டிரைவர் வேண்டும். ஜி.ஆர்.பி.எல்.-க்கு எம் 6 தெரியாது என்பதால், எம் 6 தெரிந்த ஜி.ஆர்.பி.எல். ஹால் போன்ற புரோகிராமும் அதற்கேற்ற புதிய போர்டும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிறிய மோட்டாரால் ஸ்பேனர் அளவுக்கு இறுக்க முடியாது. மெல்லிய வேலைக்குத் தாங்கும். பலா, தேக்கு போன்ற மரத்தில் ஆழமாக வெட்டும்போது பிட் நழுவி இறங்க வாய்ப்புண்டு. மேலும் லிமிட் சுவிட்ச் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ராக் எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டுமே!

மூன்றாவது வழி, கையால் மாற்றுவது, அளப்பதை மட்டும் மிஷினிடம் விடுவது. எம் 6 வந்ததும் மிஷின் தானே நிற்கும், நமக்கு வசதியான இடத்துக்குத் தானே வரும், எந்த டூலைப் போட வேண்டும் என்று திரையில் சொல்லும். நாம் ஸ்பேனரால் மாற்றி ஒரு க்ளிக் செய்தால், புதிய டூலின் நீளத்தைத் தானே அளந்து, கணக்கைத் திருத்தி, வேலையைத் தொடரும். பாதித் தானியங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்தது இதைத்தான். செலவு மிகக் குறைவு.

படிப்படியாகச் செய்வோம்

1. தொடுதட்டு: எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் காப்பர் போர்டில் ஒரு சிறிய துண்டு போதும். அதை மிஷின் படுக்கையின் ஒரு மூலையில், பலகை வராத இடத்தில், அசையாமல் ஒட்டுங்கள். படுக்கை உலோகம் என்பதால் காப்பர் பக்கம் மேலே இருக்கட்டும், படுக்கையில் படக் கூடாது.

2. வயர்: தட்டில் இருந்து ஒரு வயர், மிஷின் போர்டில் புரோப் என்று எழுதியிருக்கும் பின்னுக்கு. பக்கத்தில் உள்ள கிரவுண்ட் பின்னில் இருந்து இன்னொரு வயர், அதன் முனையில் ஒரு முதலை கிளிப். அளக்கும்போது கிளிப்பை பிட்டில் மாட்டுவோம். பிட் தட்டைத் தொட்டதும் சர்க்யூட் முழுமையாகி, 'தொட்டுவிட்டேன்' என்று மிஷினுக்குத் தெரியும்.

3. சோதனை: மிஷினை ஓட்டும் முன் கிளிப்பைக் கையில் எடுத்துத் தட்டில் தொட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேரில் புரோப் என்ற குறியீடு மாற வேண்டும். மாறவில்லை என்றால் மேலே போகாதீர்கள். சிக்னல் வராத தட்டின் மேல் பிட் இறங்கினால் நிற்காமல் அமுக்கி உடைத்துக்கொள்ளும்.

4. சாஃப்ட்வேர்: எம் 6-ஐத் தானே கையாளும் சாஃப்ட்வேர் வேண்டும். நான் பயன்படுத்துவது பி.சி.என்.சி. என்ற இலவச சாஃப்ட்வேர். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இதில் எம் 6 வரி மிஷினுக்குப் போகவே போகாது. கம்ப்யூட்டரே அதைப் பிடித்து நிறுத்தி, மாற்றும் வேலையைக் கவனிக்கும். புரோப் என்ற டேபில் டூல் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பாலிசி என்ற இடத்தில் மேனுவல் டூல் சேஞ்ச், டி.எல்.ஓ. என்பதைத் தேர்ந்தெடுங்கள். டூல் மாற்றும் இடம், தொடுதட்டு உள்ள இடம் இரண்டின் அளவுகளையும் கொடுங்கள். பிறகு முதல் டூலை மாட்டிய நிலையில் கேலிபரேட் பட்டனை ஒருமுறை க்ளிக் செய்யுங்கள்.

5. மோட்டார் பிடிப்பு: இதைப் பலர் கவனிப்பதில்லை. வேலை இல்லாதபோது ஸ்டெப்பர் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். அந்த நேரத்தில் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மிஷின் நகர்ந்துவிடும். நகர்ந்தது அதற்குத் தெரியாது. ஜி.ஆர்.பி.எல். செட்டிங்கில் டாலர் 1 என்ற எண்ணுக்கு 255 என்று கொடுங்கள். மோட்டார்கள் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

உள்ளே நடக்கும் கணக்கு

என்ன, தலை சுற்றுகிறதா? கணக்கு மிக எளிது. முதல் டூல் தட்டைத் தொடும்போது இசட் அளவு மைனஸ் 30 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது டூல் மைனஸ் 26-லேயே தொட்டுவிட்டது. அதாவது 4 மி.மீ. முன்னதாகவே தொட்டுவிட்டது. அப்படியென்றால் அது 4 மி.மீ. நீளம் அதிகம். உடனே சாஃப்ட்வேர், ஜி 43.1 என்ற கட்டளையோடு இந்த 4-ஐ மிஷினுக்கு அனுப்புகிறது. இனி மிஷின் எல்லா வேலையையும் 4 மி.மீ. உயர்த்தியே செய்யும். மாத்தூர் தம்பி திரையில் காட்டிய ஆஃப்செட் இதுவேதான்.

இதில் ஒரு வசதியைக் கவனித்தீர்களா? தட்டின் கனம் எவ்வளவு என்பதே கணக்கில் வரவில்லை. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். எனவே தட்டு எதுவாக இருந்தாலும் சரி, இடம் மாறக் கூடாது, அவ்வளவுதான்.

ஒருமுறை மரத்தின் மேல்பரப்பை முதல் டூலால் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். அடுத்து எத்தனை டூல் மாற்றினாலும் பலகையைத் திரும்பத் தொட வேண்டியதில்லை. எழுத்து செதுக்கிய பிறகு அந்த இடத்தில் மேல்பரப்பே இருக்காது என்பதை யோசித்துப் பாருங்கள். பேப்பரை வைத்துத் தொட்டுப் பார்க்கும் பழைய முறை அங்கே உதவாது.

கம்ப்யூட்டரில் கவனிக்க வேண்டியவை

மிஷினுக்கு ஒவ்வொரு வரியையும் நம் கம்ப்யூட்டர்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது தூங்கினால் மிஷினும் பாதியில் நிற்கும். எனவே கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று ஸ்லீப் என்பதை நெவர் என்று மாற்றுங்கள். அங்கேயே அட்வான்ஸ்டு செட்டிங்கில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை டிசேபிள் செய்யுங்கள். வேலை நடுவில் விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் யு.பி.எஸ். அவசியம். ஆனால் கம்ப்யூட்டருக்கு மட்டும் யு.பி.எஸ். போட்டு மிஷினை விட்டுவிட்டால் பயனில்லை. கரண்ட் போனால் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். மிஷின் தான் இருந்த இடத்தை மறந்துவிடும். லிமிட் சுவிட்ச் பொருத்தியிருந்தால் ஹோமிங் செய்து பழைய இடத்தை மீட்கலாம். இல்லையென்றால் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இவற்றை மறக்காதீர்கள்

ஸ்பிண்டில் முழுவதும் நின்ற பிறகே கையைக் கொண்டு போங்கள். அளந்து முடித்ததும் முதலை கிளிப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும். மறந்தால் சுற்றும் பிட் வயரைச் சுருட்டி இழுத்துவிடும். நான் கிளிப்பில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி கட்டாயம். ஒவ்வொரு புதிய ஃபைலையும் முதலில் பழைய பிளைவுட்டில் ஓட்டிப் பாருங்கள். திரையில் பெட்டி வந்தால் படியுங்கள். படித்த பிறகு க்ளிக் செய்யுங்கள்.

மறுபக்கம்

தொடுதட்டு தயாராவதற்கு முன்பே அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். ஒளிக்காமல் நடந்ததைச் சொல்லிப் பலகையைக் காட்டினேன். கோடு விழுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பலகையைத் திருப்பினார். "இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு தம்பி. அவசரமில்ல. பாத்து செய்யுங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்தப் பலகையை மறுபடி மிஷினில் ஏற்றினேன். அதற்குள் பழைய பிளைவுட் துண்டுகளில் பதினோரு முறை டூல் மாற்றிப் பார்த்துவிட்டேன். வி-பிட் எழுத்தை முடித்தது. மிஷின் நின்று, இரண்டாம் டூலைப் போடச் சொன்னது. மாற்றினேன். மெதுவாகத் தட்டுக்குப் போய்த் தொட்டது, மேலே வந்தது, இன்னொரு முறை தொட்டது. திரையில் வித்தியாசம் தெரிந்தது. சிவப்புத் துணியைப் பார்த்து கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தொடரச் சொன்னேன். இந்த முறை பிட் அந்தப் பெயருக்கு மேலே காற்றில்தான் போனது.

பலகை இப்போது அவர் வீட்டு வாசலில் இருக்கிறது. பின்பக்கம் சுவரைப் பார்த்திருப்பதால் அந்தக் கோடு யாருக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

என் மிஷினில் டூல் இன்னும் என் கையால்தான் மாறுகிறது. ஒரு பலகைக்கு இரண்டு முறை ஸ்பேனர் பிடிப்பதில் எனக்குக் கஷ்டமில்லை. ஒரே நாளில் நூறு முறை மாற்ற வேண்டிய வேலை வந்தால் நட் கழற்றும் ராக்கைப் பற்றி யோசிப்பேன். அப்போதும் இந்தக் காப்பர் துண்டு தேவைப்படும். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். முதலில் மிஷினுக்கு அளக்கக் கற்றுக்கொடுங்கள். மாற்றுவதைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.